மிளகாய்க்கு முன்னும் பின்னும்: நம் சமையலறை வரலாறு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரபுச் சந்தைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் உணவு வரலாறு பற்றிப் பேசப் போகிறேன். பேச்சு எதைப் பற்றியதாக இருந்தாலும், முடிந்ததும் வந்து நிற்கிற கேள்விகள் ஏறக்குறைய இவைதான். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வருகிற பதில்கள் முன்னால் உள்ளவற்றைச் சார்ந்து நிற்கின்றன.

மிளகாய் வர்றதுக்கு முன்னாடி காரத்துக்கு என்னதான் போட்டாங்க?

முதலில் மிளகு. அதற்குத் துணையாகத் திப்பிலி, இஞ்சி, சுக்கு, கடுகு. சங்க இலக்கியத்தில் ‘கறி’ என்று வந்தால் பெரும்பாலும் மிளகு என்றே பொருள். இதைத் தெரிந்துகொள்ளாமல் பழைய பாட்டைப் படித்தால் எல்லா இடத்திலும் இறைச்சி வேகிற மாதிரி தோன்றும்.

பெரும்பாணாற்றுப்படையில் ஒரு சாப்பாட்டுக் காட்சி வருகிறது. மாதுளையின் பசுங்காயைப் பிளந்து, வெண்ணெயில் வேகவைத்து, மிளகுப்பொடி தூவி, கறிவேப்பிலை கலந்து பரிமாறுகிறார்கள். தொட்டுக்கொள்ள மாவடு ஊறுகாய். சுமார் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய பொரியல் இது. இன்று அந்தக் காயின் இடத்தில் வாழைக்காயைப் போட்டு எந்த வீட்டில் வைத்தாலும் யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள்.

மிளகு அன்று வெறும் சமையல் பொருளும் இல்லை. யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் முசிறி என்கிறது அகநானூறு 149. காவிரிப்பூம்பட்டினத்துக் கடைத்தெருவில் குவிந்து கிடந்த சரக்குகளில் மிளகு மூட்டையும் ஒன்று என்கிறது பட்டினப்பாலை.

மிளகாய் நம்ம ஊர்லதானே இவ்வளவு விளையுது? அது எப்படி வெளிநாட்டுச் சரக்காகும்?

எங்கே அதிகம் விளைகிறது என்பதும் எங்கே பிறந்தது என்பதும் வேறு. மிளகாயின் தாயகம் அமெரிக்கக் கண்டம். 1492இல் கொலம்பஸ் அங்கே போய் இறங்கும்வரை ஆசியாவில் ஒரு மிளகாய்ச் செடிகூடக் கிடையாது. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தார், 1510இல் கோவா போர்ச்சுக்கீசியர் கைக்குப் போனது. அவர்களுடைய கப்பல்களில்தான் மிளகாய் மேற்குக் கரையில் இறங்கிப் பதினாறாம் நூற்றாண்டில் உள்ளே பரவியது.

அது எப்படி மிளகைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. மிளகுக் கொடிக்கு ஏறிப் படர ஒரு மரம் வேண்டும், நிழல் வேண்டும், நல்ல மழை வேண்டும். அதனால் மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டு அது இறங்கவில்லை. கீழே இருந்தவர்கள் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்; அதுவும் ஏற்றுமதிக்குப் போக மிஞ்சியதை. மிளகாய்க்கு இந்தப் பிகு எதுவும் இல்லை. கொல்லையில் நான்கு செடி வைத்தால் குடும்பத்துக்குப் போதும், காயவைத்தால் வருடம் முழுக்கக் கெடாது. மழை குறைந்த ராமநாதபுரத்து மண்ணில் விளைகிற முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. காசில்லாதவர் வீட்டுக் குழம்புக்கும் காரம் வந்தது மிளகாயால்தான். அதைப் ‘பாரம்பரியத்தைக் கெடுக்க வந்த அந்நியன்’ என்று மேடையில் யாராவது திட்டினால் எனக்கு ஒப்புவதில்லை.

மிளகாயே சேர்க்காத பழைய சமையல் இன்னிக்கு எங்கேயாவது மிச்சம் இருக்கா?

இருக்கிறது. மூன்று இடங்களில் தேடுங்கள். முதலாவது திவசச் சமையல். பல வீடுகளில் அன்றைக்கு மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ், பீன்ஸ் எதுவும் அடுப்பங்கரைப் பக்கம் வராது. மிளகு, சீரகம், வாழைக்காய், பாகற்காய், புடலங்காய், பிரண்டை என்று போகும். சாஸ்திரம் என்று சொல்லிச் செய்கிறார்கள். வரலாற்றுக் கண்ணோடு பார்த்தால் ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய சமையல் அப்படியே உறைந்து நிற்கிறது.

இரண்டாவது, பழைய முறை மாறாத கோயில் மடப்பள்ளிகள். அங்கே புளியோதரையிலும் வெண்பொங்கலிலும் காரம் மிளகால்தான். ஒடிசாவின் புரி ஜெகந்நாதர் கோயிலிலும் உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய் விலக்கு. மூன்றாவது பிள்ளை பெற்றவளுக்குச் செய்கிற பத்தியச் சமையல். மிளகுக் குழம்பும் பூண்டுக் குழம்பும் அங்கே பிழைத்துக்கொண்டன.

தக்காளி இல்லாம ரசமா? நடக்கிற காரியமா?

பல நூற்றாண்டாக நடந்துகொண்டிருந்த காரியம். ரசத்தின் அடிப்படை புளியும் மிளகும். வெள்ளைக்காரர்கள் சென்னையில் குடித்துப் பழகி, தங்கள் ஊருக்கு ‘முல்லிகடானி’ என்று ஒரு சூப்பைக் கொண்டுபோனார்களே, அது நம் மிளகுத்தண்ணீர்தான். தக்காளித்தண்ணீரை யாரும் கொண்டுபோகவில்லை.

தக்காளியும் அமெரிக்கச் செடிதான், ஆனால் மிளகாயைப் போல வேகமாக அடுப்படிக்குள் நுழையவில்லை. 1890 வாக்கில் இந்தியப் பயிர்களைத் தொகுத்து எழுதிய ஜார்ஜ் வாட், தக்காளி முக்கியமாக ஐரோப்பியருக்காகவே பயிராகிறது, உள்ளூர்க்காரர்கள் இப்போதுதான் ருசி பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்று குறித்திருக்கிறார். ஆக, குழம்புக்கெல்லாம் தக்காளி அரைக்கிற வழக்கத்துக்கு நூறு வருடத்துக்குச் சற்றுக் கூடுதலான வயதுதான். ‘மணத்தக்காளி பழசாச்சே’ என்று கேட்பீர்கள். மணத்தக்காளி வேறு செடி. புதிதாக வந்த பழத்துக்கு ஏற்கெனவே இருந்த பெயரை ஒட்டிச் சீமைத்தக்காளி என்றார்கள், பிறகு சீமை உதிர்ந்துவிட்டது.

புளிப்பு நமக்குப் பழசு என்பதற்குக் குறுந்தொகை 167 போதும். புதிதாகக் குடித்தனம் வந்த பெண் தயிரைக் கையால் பிசைகிறாள், அதே விரலைச் சேலையில் துடைத்துக்கொள்கிறாள், தாளிக்கிற புகை கண்ணில் ஏறுகிறது. அவள் துழாவிச் சமைத்த ‘தீம்புளிப் பாகர்’ நன்றாக இருக்கிறது என்று கணவன் சாப்பிடுகிறான். மோர்க்குழம்பின் மூதாதை என்று அதைச் சொல்வது பொருந்தும். தாளிப்பு உட்பட எல்லாம் அங்கே இருக்கிறது.

சாம்பாரை மராட்டியர்தான் கண்டுபிடிச்சாங்கன்னு சொல்றாங்களே?

கதை இப்படிப் போகும்: தஞ்சையில் ஷாஹஜி ஆண்டபோது சிவாஜியின் மகன் சம்பாஜி விருந்துக்கு வந்தார், பருப்பில் போடக் கோகம் புளி தீர்ந்துபோக, சமையற்காரர் நம்மூர்ப் புளியைக் கரைத்து ஊற்றினார், சம்பாஜி பெயரால் சாம்பார் ஆயிற்று. கேட்கச் சுவையாக இருக்கிறது. ஷாஹஜி அரியணை ஏறியது 1684. ஔரங்கசீப்போடு ஓயாமல் சண்டையில் இருந்த சம்பாஜி 1689இல் கொல்லப்பட்டார். இடைப்பட்ட ஐந்து வருடத்துக்குள் விருந்துக்காகத் தஞ்சைவரை வந்தார் என்பதற்கு அந்தக் காலத்து ஆவணத்தைக் காட்டி யாரும் இந்தக் கதையைச் சொல்லி நான் பார்த்ததில்லை. சமையலுக்கான மசாலைச் சரக்கைச் ‘சம்பாரம்’ என்று சொல்வது தமிழில் தனியாகவே உண்டு. பெயருக்கு அதுவே போதுமானதாகத் தோன்றுகிறது.

அதற்காகத் தஞ்சை மராட்டியரை ஒதுக்கிவிடவும் கூடாது. அவர்கள் அரண்மனை சமையலை எழுதி வைத்த அரண்மனை. ரகுநாதர் என்ற பண்டிதரின் ‘போஜன குதூகலம்’ பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த சமஸ்கிருத நூல், தஞ்சை அரண்மனையோடு தொடர்புடையது. பருப்பு, புளி, காய், மசாலைப்பொடி நான்கையும் ஒரே பாத்திரத்தில் சேர்த்துச் செம்மைப்படுத்தியதில் தஞ்சைக்குப் பங்கு இருக்கலாம். ஒரே ஒரு மதியத்தில் ஒரே ஒருவர் கண்டுபிடித்தார் என்பதை மட்டும் நான் ஏற்பதில்லை. அன்றாடச் சாப்பாடு எதுவும் அப்படிப் பிறப்பதில்லை.

இட்லி இந்தோனேசியாவுலேருந்து வந்ததாமே, உண்மையா?

இது கே.டி. ஆச்சாயா என்ற உணவு வரலாற்று அறிஞர் முன்வைத்த ஊகம். அவர் சொன்ன காரணம் இது. கன்னடத்தில் 920 வாக்கில் எழுதப்பட்ட ‘வட்டாராதனெ’யில் ‘இட்டலிகெ’ வருகிறது. 1025 வாக்கில் இரண்டாம் சாவுண்டராயர் உளுந்தை மோரில் ஊறவைத்து அரைத்து, தயிர்த்தெளிவும் பெருங்காயம், சீரகம், மிளகு முதலியவையும் சேர்க்கச் சொல்கிறார். 1130 வாக்கில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் தொகுத்த ‘மானசோல்லாச’த்திலும் உளுந்து மட்டும்தான். அரிசி சேர்ப்பது, இரவெல்லாம் புளிக்கவிடுவது, ஆவியில் வேகவைப்பது மூன்றும் இந்தக் குறிப்புகளில் இல்லை. அதனால் இவை தென்கிழக்கு ஆசியாவுக்குப் போய்வந்த சமையற்காரர்கள் மூலம் வந்திருக்கலாம் என்றார்.

‘வந்திருக்கலாம்’ என்பதுதான் வாட்ஸ்அப்பில் ‘வந்தது’ ஆகிவிட்டது. ஆவியில் வேகவைப்பது நமக்குத் தெரியாது என்பதை நம்பவும் எனக்குச் சிரமம். சிவபெருமான் பிட்டுக்கு மண் சுமந்ததைத் திருவாசகமே பாடுகிறது. மாவை ஆவியில் அவிக்கிற கை, மாவுக் கரைசலையும் அவிக்காதா? கன்னட நாட்டில் உளுந்துப் பண்டமாகப் பெயர் பெற்றது பின்னால் அரிசியோடு சேர்ந்து இன்றைய உருவத்துக்கு வந்தது என்பதுவரை சான்றுகளுக்கு ஒத்துப்போகிறது. விஜயநகரக் காலத்துத் திருப்பதிக் கல்வெட்டுகளில் தோசைப்படி, வடைப்படி, அதிரசப்படி என்று பெருமாளுக்குப் படைத்த பட்டியல்களே உண்டு.

எங்க பாட்டி, ‘எங்க காலத்துல தீபாவளிக்குத்தான் இட்லி’ன்னு சொல்வாங்க. மிகைப்படுத்துறாங்களா?

இல்லை. நெல் விளையாத மாவட்டங்களில், நிலமில்லாத குடும்பங்களில் அதுதான் நிலைமை. அரிசி விலையுள்ள பொருள், ஆட்டுரலில் மாவாட்டுவது மணிக்கணக்கான வேலை. கூலிக்குப் போகிற பெண்ணுக்கு அந்த நேரம் ஏது? அன்றாடம் கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும்தான். இரண்டாம் உலகப் போரில் 1942இல் பர்மாவை ஜப்பான் பிடித்ததும் பர்மா அரிசி நின்றுபோய், அரிசி சாப்பிட்டுப் பழகியவர்களே தட்டுப்பாட்டில் மாட்டிக்கொண்டார்கள். 1967 தேர்தலில் ‘ரூபாய்க்கு மூன்று படி அரிசி’ என்பது ஒரு கட்சியின் முழக்கமாக இருந்ததென்றால் அரிசிக்கு எவ்வளவு ஏக்கம் இருந்திருக்க வேண்டும் என்று பாருங்கள்.

தினசரி இட்லியைத் தந்தவை இரண்டு: ரேஷன் கடைப் புழுங்கல் அரிசியும், கோவையின் கிரைண்டரும். 1955இல் கோவையைச் சேர்ந்த பி. சபாபதி மின்சார மாவரைக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். உணவு வரலாற்றில் மன்னர் பெயர்கள் நிறைய வருகின்றன. என்னைக் கேட்டால் இவர் பெயரைப் பாடப்புத்தகத்தில் போடலாம்.

பழந்தமிழர் எல்லாரும் சைவம்தானே?

பொருநராற்றுப்படையைப் படித்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேளுங்கள். கரிகாலன் விருந்தில் ஆட்டுத் தொடைக்கறி வேகிறது, கம்பியில் கோத்த கொழுத்த இறைச்சி சுடச்சுட வருகிறது. சூடு தாங்காமல் வாயின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி ஒற்றித் தின்கிறார்கள். இரவும் பகலும் இறைச்சி தின்று, கொல்லையை உழுத ஏர்க்கொழுவைப் போலப் பல் மழுங்கிவிட்டது என்கிறான் பொருநன். சிறுபாணாற்றுப்படையில் வேட்டுவர் வீட்டில் புளி சேர்த்த சூடான சோறும் ஆமான் என்ற காட்டுப்பசுவின் சூட்டிறைச்சியும், உழவர் வீட்டில் நண்டும் கிடைக்கின்றன.

இறைச்சி தொடாத வீடுகளும் அன்றே இருந்தன; முதல் பதிலில் சொன்ன மாதுளங்காய்ப் பொரியல் அந்தணர் வீட்டுச் சாப்பாடு. சமண பௌத்தச் செல்வாக்கும் பின்னர் சைவ வைணவ எழுச்சியும் புலால் மறுப்பைப் பெரிதாக்கின. ஒரு காலத்துக்கு ஒரே தட்டு என்று எப்போதும் இருந்ததில்லை.

புறநானூறுல வர்ற ஊன்சோறுதான் பிரியாணியா?

இல்லை. அரிசியும் இறைச்சியும் சேர்வது உலகத்தில் பல ஊர்களில் நடந்தது. அரைவேக்காட்டு அரிசியை மசாலைக்கறியோடு அடுக்கி, மூடி, தம் போடுவது பாரசீக, முகலாயச் சமையல் வழியில் வந்த நுட்பம். ஆற்காட்டு நவாபுகளின் நாட்டில் அது சீரகச்சம்பாவைப் பிடித்துக்கொண்டது. ஊன்சோறு நம்முடையது என்று பெருமைப்பட அது பிரியாணியாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

சிறுதானியம்தான் தமிழனோட அசல் உணவு, அரிசி பின்னாடி புகுத்தப்பட்டதுன்னு சொல்றாங்க. சரிதானா?

பாதி சரி. ‘வரகு, தினை, கொள்ளு, அவரை, இந்த நான்கைத் தவிர வேறு உணவும் இல்லை’ என்று புறநானூறு 335இல் மாங்குடி கிழார் முல்லை நிலத்தைப் பாடுகிறார். ஆனால் அது அந்த நிலத்தின் கணக்கு. மருத நிலத்தில் நெல் கொட்டிக் கிடந்தது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று ஆய்வு முடிவு வந்தது. பழனி அருகே பொருந்தல் நெல்லின் காலம் கி.மு. 490. மூவாயிரம் வருடமாக இருக்கிற பயிரைப் புகுத்தப்பட்டது என்று எப்படிச் சொல்வது?

இன்னொரு பக்கம், சிறுதானியங்களில் எல்லாமே இந்த மண்ணில் பிறந்தவை இல்லை. கேழ்வரகு, கம்பு, சோளம் மூன்றுக்கும் தாயகம் ஆப்பிரிக்கா, தினைக்குச் சீனா. வரகு, சாமை, குதிரைவாலி இந்தியாவைச் சேர்ந்தவை. இதைச் சொன்னால் சந்தையில் சிலர் முகம் வாடிவிடுகிறது. வாட வேண்டியதில்லை. ஆப்பிரிக்கத் தானியங்கள் இந்தியாவுக்கு வந்து மூவாயிரம் வருடத்துக்கு மேலாகிறது.

அப்போ எதுதான் சார் நம்முடையது?

மிளகு, ஏலம், கத்தரிக்காய், உளுந்து, பச்சைப்பயறு, கொள்ளு, துவரை, எள். கர்நாடக, ஆந்திரப் பகுதிகளின் புதிய கற்கால ஊர்களைத் தோண்டியபோது கிடைத்ததும் கொள்ளு, பச்சைப்பயறு, சில சிறுதானியங்கள்தான். புளியமரமே ஆப்பிரிக்க வழிவந்தது, ஆனால் வரலாறு எழுதத் தொடங்குவதற்கு முன்பே வந்துவிட்டது. கொத்தமல்லியும் வெந்தயமும் மேற்கே மத்தியதரைக் கடல் பக்கத்துச் சரக்கு.

பெருங்காயம்தான் வேடிக்கை. அது இல்லாமல் சாம்பார் இல்லை என்கிறோம்; அதைத் தருகிற செடி ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கம் வளர்வது. காலம்காலமாக இறக்குமதிதான். 2020இல்தான் இமாசலப் பிரதேசத்து லாகுல் பள்ளத்தாக்கில் இங்கே பயிராக்கும் முயற்சியாக முதல் நாற்றை நட்டார்கள்.

செக்குல ஆட்டின கடலெண்ணெய்தானே அந்தக் காலத்து எண்ணெய்?

செக்கு பழசு, கடலை புதுசு. நிலக்கடலையும் மிளகாய் வந்த திசையிலிருந்து வந்ததுதான். விழுப்புரம் பக்கம் இன்றும் மணிலாக்கொட்டை, மல்லாட்டை என்கிறார்கள். அது பெரும்பயிரானது பத்தொன்பதாம் நூற்றாண்டில். அதற்கு முன் எண்ணெய் என்றால் எள்ளெண்ணெய், அதாவது நல்லெண்ணெய். கூடவே நெய், சில பகுதிகளில் தேங்காயெண்ணெய்.

காபி, டீ வர்றதுக்கு முன்னாடி காலையில என்ன குடிச்சாங்க?

நீராகாரம். முந்தைய நாள் சோற்றில் ஊற்றிய தண்ணீர், இரவில் லேசாகப் புளித்தது, உப்புப் போட்டு. கூடவே பழைய சோறு அல்லது கூழ். சர்க்கரை நோய் மருத்துவர்கள் கோபித்துக்கொண்டாலும் காலை வேலைக்குப் போகிறவருக்கு அது குடிக்கவும் ஆயிற்று, சாப்பிடவும் ஆயிற்று.

காபிச் செடியைப் பாபா புடான் என்ற சூஃபித் துறவி சிக்கமகளூர் மலைக்குக் கொண்டுவந்தார் என்பது வழிவழிச் செய்தி. தமிழ் வீடுகளுக்குள் அது நுழைந்ததோ வெள்ளையர் தோட்டங்கள் வந்த பிறகு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். முதலில் நகரத்து நடுத்தர வீடுகள். காபி குடித்தால் குடும்பம் கெடும் என்று அன்று பத்திரிகைகளில் உபதேசம் எழுதினார்கள். டீயை மக்களிடம் சேர்க்கத் தேயிலை வரியில் திரட்டிய பணத்தைக் கொண்டே விளம்பரம் செய்தார்கள், தெருவில் போட்டு இலவசமாகக் கொடுத்தார்கள். இனிப்புக்கு முன்பு கருப்பட்டியும் வெல்லமும். ஆலைச் சர்க்கரைக்கு நெல்லிக்குப்பத்தில் 1842இலேயே ஆலை வந்துவிட்டது என்றாலும் வீட்டு டப்பாவுக்கு அது மெதுவாகத்தான் வந்தது.

மண்சட்டிக்கு அப்புறம் நேரா எவர்சில்வரா?

நடுவில் நிறைய இருக்கிறது. மாக்கல்லில் குடைந்த கல்சட்டி, வெண்கலப் பானை, ஈயம் பூசிய பித்தளை. புளி பித்தளையைக் கரைத்துக் களிம்பாக்கும், அதனால் உள்ளே வெள்ளீயப் பூச்சு. தெருவில் ‘ஈயம் பூசறது’ என்று கூவிக்கொண்டு வந்தவர்கள் அதற்காகத்தான். ரசத்துக்கு முழு வெள்ளீயத்தில் செய்த ஈயச்சொம்பு. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும், எனவே வெறும் சொம்பை அடுப்பில் வைக்காதீர்கள். கடையில் வாங்கும்போது காரீயக் கலப்பு இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள், அது விஷம்.

அலுமினியப் பாத்திரம் செய்வதை 1898இல் சென்னைக் கலைப்பள்ளியில் தொடங்கியவர் ஆல்பிரட் சாட்டர்டன். மலிவாக, லேசாக இருந்ததால் ஏழை வீடுகளில் முதலில் பரவியது. எவர்சில்வர் ஆட்சி சுதந்திரத்துக்குப் பிறகுதான்.

1492க்கு முந்தைய மாதிரி ஒரு வேளைச் சாப்பாடு வீட்ல செய்யணும்னா என்ன பண்ணலாம்?

சுலபம். சோறு, துவரம்பருப்பு, நெய். நல்லெண்ணெயில் புளியும் மிளகும் சீரகமும் போட்டு மிளகுக் குழம்பு. வெண்பூசணி மோர்க்குழம்பு, காரத்துக்கு மிளகும் இஞ்சியும். குறுந்தொகைப் பெண்ணின் வேலையை நீங்களும் செய்து பார்க்கலாம், தயிரைக் கையால் பிசைந்து. வாழைக்காய்ப் பொரியல், கத்தரிக்காய்க் கூட்டு, உப்பும் கடுகும் மட்டும் போட்ட மாவடு. வெல்லம் போட்ட பாசிப்பருப்புப் பாயசம், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு. அசைவம் வேண்டுமென்றால் மிளகு தடவிச் சுட்ட மீன்.

மிளகாய், தக்காளி, உருளை மூன்றையும் எல்லோரும் நினைவாக ஒதுக்கிவிடுகிறார்கள். மாட்டிக்கொள்வது வேறு இடங்களில். பாயசத்தில் முந்திரி போட்டுவிடுவீர்கள்; முந்திரி பிரேசில் சரக்கு. பறங்கிக்காய், பீன்ஸ், சர்க்கரைவள்ளி, மரவள்ளி எதுவும் கூடாது. ஜவ்வரிசி மரவள்ளியில் செய்வது என்பதால் ஜவ்வரிசி வடாமும் போச்சு. உளுந்து அப்பளம் பொரிக்கலாம், ஆனால் கடலெண்ணெயில் இல்லை. சாப்பிட்டு முடித்துக் கொய்யாவோ அன்னாசியோ சீத்தாப்பழமோ நறுக்கி நீட்டினால் அதுவும் ஆட்டத்தில் சேராது.